வண்டித்தடத்தை மேற்கு வேலியோரம் மாற்றினோம்

இந்த முறை ஊருக்குப் போனதே ஒரு வேலைக்காகத்தான். எங்கள் தோட்டத்தின் நடுவே பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கு ஒரு வண்டித்தடம் உண்டு. அதை மேற்கு வேலியோரமாக மாற்றி, பத்திரமும் பதிந்துவிட்டு வர வேண்டியிருந்தது. வேலை முடிந்தது. மெல்போர்னில் நண்பர்கள் சிலர் தங்கள் ஊரிலும் இதே சிக்கல் இருப்பதாகச் சொன்னார்கள். அதனால் எந்த அலுவலகத்தில் என்ன நடந்தது, எங்கே இழுத்தது என்று எழுதி வைக்கிறேன்.

நிலம் திருப்பூர் மாவட்டத்தில். அப்பாவுக்குப் பிறகு எனக்கும் அண்ணனுக்கும் பொதுவில் இருக்கிறது. ஊர்த் தார் ரோட்டிலிருந்து இறங்கினால் முதலில் எங்கள் தோட்டம், பின்னால் மாமாவின் தோட்டம். முறைக்குத்தான் மாமா, ரத்த சொந்தம் இல்லை. அவருக்கு வேறு வழி கிடையாது. மாட்டுவண்டி போன தடத்தில் இன்றைக்கு டிராக்டரும் தேங்காய் லாரியும் மக்காச்சோளம் அறுக்கிற மெஷினும் போகின்றன. மூலைக்கு மூலை ஓடுவதால் எங்கள் நிலம் இரண்டு துண்டாகக் கிடந்தது. சொட்டுநீர்க் குழாய் தடத்தைத் தாண்டுகிற இடத்தில் லோடு வண்டி ஏறி நசுங்குவதும், தோட்டம் பார்க்கிறவர் வெட்டி ஒட்டுவதும் வருஷம் தவறாத வேலை.

"நம்ம பூமிதானே, வேலியைப் போட்டுட்டு மேக்கால விட்டாப் போச்சு" என்று ஒரு சொந்தக்காரர் யோசனை சொன்னார். அப்படிச் செய்திருந்தால் நேரே நீதிமன்றத்தில்தான் போய் நின்றிருப்போம். பாதை உரிமைக்கு இன்றும் ஆதாரம் 1882ஆம் ஆண்டு இந்திய வசதியுரிமைச் சட்டம். 20 வருஷம் தடையில்லாமல், வெளிப்படையாக, உரிமையோடு நடந்து வந்தாலே பாதை உரிமை வந்துவிடும். மாமாவுக்கு அதைவிட உறுதியான பிடி இருந்தது. பின்னால் இருக்கும் நிலத்தை 1968இல் அவருடைய அப்பாவுக்கு விற்றதே எங்கள் தாத்தாதான். முன்நிலத்தை வைத்துக்கொண்டு பின்நிலத்தை விற்றால், வழி கொடுக்க வேண்டிய கடமையும் கூடவே வருகிறது. ஒருமுறை குறித்துக் கொடுத்த வழியை நிலத்துக்காரர் தன் இஷ்டத்துக்கு நகர்த்தலாம் என்று அந்தச் சட்டத்தில் எங்கும் இல்லை. இரண்டு பேரும் ஒத்துக்கொண்டால்தான் நகரும்.

முதல் வேலை காகிதம் சேர்ப்பது. இதில் அரசாங்கச் சேவை உண்மையிலேயே நன்றாக இருக்கிறது, மனதாரச் சொல்கிறேன். பட்டா, அ-பதிவேடு (ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம், யாருடையது என்று சொல்லும் வருவாய்த்துறைப் பதிவேடு), புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்) மூன்றையும் மெல்போர்னில் இருந்தபடியே இணையத்தில் எடுத்துவிட்டேன். நிலத்தின்மீது பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றும் பதிவுத்துறைத் தளத்திலேயே கிடைத்தது. அப்பா இதே காகிதங்களுக்காகத் தாலுகா ஆபீஸ் திண்ணையில் காத்துக் கிடந்ததைப் பார்த்து வளர்ந்தவள் நான்.

அ-பதிவேட்டில் முதலில் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. தடம் போகிற இடம் பட்டா நிலமா, வண்டிப்பாதைப் புறம்போக்கா? புறம்போக்கு என்றால் அது அரசாங்கத்தின் நிலம், நாமும் பக்கத்துக்காரரும் பேசி மாற்ற முடியாது. எங்களுடையது முழுக்கப் பட்டா. ஆனால் எந்தக் காகிதத்திலும் தடத்தைப் பற்றி ஒரு குறிப்பும் இல்லை. புலப்படத்தில் ஒரு புள்ளிக்கோடுகூடக் கிடையாது. மெல்போர்னில் நாங்கள் வீடு வாங்கியபோது, கழிவுநீர்க் குழாய்க்கான ஈஸ்மென்ட் (வசதியுரிமை) பிளானிலேயே அளவோடு வரைந்து வந்தது. இங்கே பட்டாவை மட்டும் பார்த்து ஒருவர் நிலம் வாங்கினால், அதன் நடுவே இன்னொருவருக்கு நடக்க உரிமை இருப்பதே தெரியாது. வி.ஏ.ஓ.வும் அதைத்தான் சொன்னார்: "தனியார் பட்டாவுக்குள்ள இருக்கற பாதையை நாங்க கணக்குல ஏத்த முடியாதுங்க. தகராறுன்னா சிவில் கோர்ட்டுதான்."

ஆக, தடம் எழுத்தில் இருந்த ஒரே இடம் 1968ஆம் வருஷத்துக் கிரயப் பத்திரம். கடைசிப் பக்கத்தில், செக்குபந்திக்கு (நான்கு எல்லை விவரத்துக்கு) கீழே, "12 அடி அகல மாமூல் வண்டித் தடத்தில் நடக்கவும், வண்டி, கால்நடை ஓட்டவும் பாத்தியம்" என்று ஒரே ஒரு வரி. எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அதில் இல்லை. பழைய பத்திரம் தேடுகிறவர்கள் மாவட்டப் பெயரையும் கவனிக்க வேண்டும். எங்கள் பக்கம் 1968 பத்திரத்தில் கோயம்புத்தூர் மாவட்டம், 1984 பாகப்பிரிவினையில் பெரியார் மாவட்டம், இப்போது திருப்பூர். யூடிஆர் என்கிற நிலப் பதிவேட்டுப் புதுப்பிப்பில் சர்வே எண்ணும் மாறியிருந்தது. பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் தனித்தனியாக வில்லங்கம் போட்டுப் பாருங்கள்.

மாமாவிடம் பேசப் போனபோது அத்தை மோர் கொடுத்தார். மாமா நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "தடம் எங்க போனா என்ன கண்ணு, ஐப்பசி மழையில லாரி சிக்காம வெளிய வரோணும். அத்தோட அந்த மேக்கு மூலை, அங்க டிரெய்லரு திரும்புமா?" என்றார். நியாயமான கேள்வி. மறுநாள் காலையில் தோட்டத்துக்கே போய், சுண்ணாம்புப் பொடியில் கோடு போட்டு, அவருடைய டிராக்டரை டிரெய்லரோடு ஓட்டிப் பார்த்தோம். 12 அடியில் நேராகப் போனது. மூலையில் டிரெய்லரின் பின்சக்கரம் கோட்டைத் தாண்டி எங்கள் பாத்திக்குள் இறங்கியது. மூலையைச் சாய்வாக வெட்டிக் கொடுத்து, தடம் முழுக்க 16 அடியாக்கினால் சரிவரும் என்று அங்கேயே முடிவானது. காகிதத்தில் 12 அடி என்று இருக்கும்போது நான்கு அடி எதற்குக் கூடுதலாகத் தர வேண்டும் என்று என்னைக் கேட்டவர்கள் உண்டு. நடுவில் இருந்த தடம் போய் நிலம் ஒரே துண்டாவதற்கு அது நல்ல விலை. பாதையை மாற்றுகிறவர், பழையதைவிடப் புதியது வசதியாக இருக்கும்படிதான் கொடுக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

பெங்களூரில் இருக்கிற மாமாவின் மகனுக்கு வேறு யோசனை. தடத்தை உரிமையாக மட்டும் வைத்துக்கொள்ளாமல் கிரயமாகவே எழுதிக் கொடுங்கள், அதற்கு ஈடாக எங்கள் நிலத்தின் ஒரு மூலையில் அதே அளவு சென்ட் தருகிறோம் என்றார். பத்திரம் எழுதுகிறவரும் அதையே ஆமோதித்தார். வக்கீல்தான் தடுத்தார். நான் என்.ஆர்.ஐ., அதாவது வெளிநாட்டில் வாழும் இந்தியர். அந்நியச் செலாவணி விதிகளின்படி என்.ஆர்.ஐ.யோ ஓ.சி.ஐ. அட்டைக்காரரோ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினர்) விவசாய நிலத்தை வாரிசு வழியில் பெறலாம், வாங்க முடியாது. நிலத்துக்கு நிலம் பரிவர்த்தனை என்றாலும் விவசாய நிலம் புதிதாக என் பெயருக்கு வருவதுதானே? ஆகவே நிலம் யாருடைய பெயரிலும் மாறாமல், பாதை உரிமை மட்டும் இடம் மாறும்படி எழுதினோம். வெளிநாட்டில் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். ஊரில் இருப்பவர்களுக்கு இந்த விதி பழக்கம் இல்லை.

இழுத்தது நில அளவையில்தான். விண்ணப்பமும் கட்டணமும் இணையத்திலேயே முடிந்துவிட்டன. சர்வேயர் வருகிற தேதிதான் தள்ளித் தள்ளிப் போனது. அவர் பார்க்க வேண்டிய கிராமங்கள் அத்தனை. ஆபீஸ் வாசலில் ஒருவர் "கொஞ்சம் கவனிச்சா நாளைக்கே வருவாருங்க" என்றார். நாங்கள் கவனிக்கவில்லை, காத்திருந்தோம். லீவு போட்டு வருகிறவர்கள், கிளம்புவதற்கு வெகு முன்பே அளவைக்கு மனு போட்டுவிடுங்கள்.

வந்தபிறகு சர்வேயர் செய்த வேலை அருமை. மேற்கு எல்லையில் கல்லே இல்லை என்று இரண்டு தலைமுறையாகச் சொல்லி வந்தோம். புலப்படத்து அளவை வைத்து டேப் பிடித்து, ஒரு வேலிக்கருவைத் தூரைக் காட்டி, "இங்க தோண்டுங்க" என்றார். முழங்கால் ஆழத்தில் கடப்பாரை டங்கென்று கல்லில் பட்டது. மண்ணைத் தள்ளிப் பார்த்தால், வேருக்கு நடுவே எல்லைக்கல் நேராக நின்றது. மாமாவே குனிந்து கையால் தடவிப் பார்த்தார். எல்லை நிச்சயமானதால், அந்தப் பக்கத்து நிலத்துக்காரருக்கும் நமக்கும் நாளைக்கு வம்பு இல்லை.

அண்ணன் கனடாவில் இருக்கிறார். நிலம் பொதுவில் இருப்பதால் அவர் கையெழுத்தும் வேண்டும். அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பவர் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கட்டினோம், சிக்கல் இல்லை. பொதுவான பவராக எழுதாமல், எந்த நிலத்தில் எந்தப் பாதையை மாற்றுவதற்கு என்று குறிப்பாக எழுதச் சொல்லுங்கள்.

பத்திரத்தில் வக்கீல் வரிசையை வைத்த விதம் எனக்குப் பிடித்தது. முதலில் நாங்கள் புதுத் தடத்துக்கு உரிமை தருகிறோம். அதன் பிறகுதான் மாமா பழைய தடத்தின் உரிமையை விட்டுக்கொடுக்கிறார். இடையில் ஒரு நாள்கூட அவர் நிலம் வழியில்லாமல் நிற்கக் கூடாது. 1968 பத்திரத்தின் எண், தடத்தின் நீள அகலம், எல்லைக்கல்லிலிருந்து தூரம், மூலைச் சாய்வு எல்லாம் போட்டு ஒரு வரைபடம் இணைத்து இரு தரப்பும் கையெழுத்திட்டோம். வாரிசுகளையும் பின்னால் கிரயம் பெறுகிறவர்களையும் கட்டுப்படுத்தும் என்றும், குண்டு குழி விழுந்தால் யார் மண் கொட்டுவது என்றும் எழுதினோம். மாமாவின் மகனும் மகளும் சம்மதக் கையெழுத்துப் போட்டார்கள். இதை வெள்ளைத்தாளில் எழுதி வைத்துக்கொள்ளலாம் என்று ஊரில் சொல்வார்கள், கேட்காதீர்கள். நிலத்தின்மீது உரிமையை உண்டாக்குகிற, விட்டுக்கொடுக்கிற ஆவணம் பதிவுச் சட்டப்படி பதியப்பட வேண்டியது. பதிந்தால்தான் நாளைக்கு வில்லங்கத்திலும் வரும்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் டோக்கன் இணையத்தில் எடுத்திருந்தோம். ராகு காலம் தாண்டிப் போகலாம் என்றார் மாமா, அப்படியே போனோம். போட்டோ, கைரேகை எல்லாம் சீக்கிரமே முடிந்தது.

பதிந்ததோடு வேலை முடியவில்லை. ஜேசிபி வைத்துப் புதுத் தடத்தை மேடாக்கி, கிராவல் கொட்டி, வாய்க்கால் குறுக்கிடும் இடத்தில் சிமெண்ட் குழாய் பதித்தோம். செலவு எங்களுடையது. ஒரு ஐப்பசி மழையைப் புதுத் தடம் தாங்கும்வரை பழையதை உழுவதில்லை என்று மாமாவிடம் சொல்லியிருக்கிறேன், பத்திரத்திலும் அது இருக்கிறது. மழை முடிந்ததும் தோட்டம் பார்க்கிறவர் பழைய தடத்தை உழுது, இரண்டு துண்டுக்கும் ஒரே குழாய் வரிசை போடுவார்.