கோடை வானம் தீட்ட: போஸ்டர் கலரா, வாட்டர் கலரா?

'மை நெய்பர் டொட்டோரோ' (1988) என்ற ஜப்பானிய அனிமேஷன் படத்தின் கலை இயக்குநர் கசுவோ ஓகா பின்னணிகளைத் தீட்டியது, அடியிலுள்ள நிறத்தை மறைக்கும் போஸ்டர் கலரில். அந்த நீல வானத்தையும் குவிந்த வெண்மேகத்தையும், அடி தெரியும் வாட்டர் கலரில் வரையப் போனால் முதல் சிக்கல் வெள்ளைதான். மேகத்துக்கான இடத்தைத் தொடக்கத்திலேயே வெறும் தாளாக விட்டுவைக்க வேண்டும். நீலம் ஏறிவிட்டால் முழுதாகப் போகாது. பாதி காய்ந்த இடத்தில் ஈரத் தூரிகை பட்டாலோ, காலிஃபிளவர் மாதிரி கறை விரியும்.

போஸ்டர் கலரில் வரிசையே தலைகீழ். தடித்த (300 ஜிஎஸ்எம்) தாளை நனைத்து, அகலத் தூரிகையால் மேலிருந்து கீழே நீலத்தை வெளுத்துக்கொண்டே வாருங்கள். ஈரம் இருக்கும்போதே மேகத்தின் அடிநிழலைச் சாம்பல் நீலத்தில் ஒற்றுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு உச்சியில் வெள்ளை. அடிப்பூச்சு மோர்ப் பதம், மேல்பூச்சு தயிர்ப் பதம். தண்ணீர் கூடினால் அடியிலுள்ள நீலம் கரைந்து வெள்ளை அழுக்காகும். ரொம்பத் தடித்தால் காய்ந்ததும் வெடிக்கும். வெளிர் நிறங்கள் காயும்போது சற்றே கருக்கும் என்பதால் துண்டுத்தாளில் தடவிப் பார்ப்பது நல்லது.

மரத்துக்கும் அப்படியே: இருட்டுப் பச்சை முதலில், வெயில் பட்ட இலைகள் கடைசியில். மூடுபனிக்கும் மழைக்கும் மட்டும் வாட்டர் கலர்தான் கைகொடுக்கும்.