சில வருடங்கள் மோனேரோ பயன்படுத்திய பிறகு

பிட்காயினில் ஒருவரிடம் ஒரே ஒரு தடவை பணம் வாங்கினாலும் போதும், அந்த முகவரிக்கு அடுத்து என்ன வருகிறது, எங்கே போகிறது என்று அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருக்கலாம். என் சம்பாத்தியத்தை வாடிக்கையாளர் ஏன் பார்க்க வேண்டும்? அதனால்தான் அனுப்புபவர், பெறுபவர், தொகை மூன்றையும் மறைக்கும் கிரிப்டோ நாணயமான மோனேரோவுக்கு வந்தேன்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, மறைப்பு எல்லாருக்கும் கட்டாயம் என்பது. 2016-இல் வந்த ஸீகேஷ் என்ற இன்னொரு மறைப்பு நாணயத்தின் கணிதம் இன்னும் வலுவானது என்றே நினைக்கிறேன், ஆனால் அங்கே வெளிப்படையான முகவரிகளும் உண்டு, மறைத்து அனுப்புவது அவரவர் விருப்பம், அதனால் மறைந்துகொள்ளும் கூட்டமே சிறிதாகிவிடுகிறது. மோனேரோவில் நாம் அனுப்பும் காசோடு சங்கிலியில் (எல்லாப் பரிவர்த்தனையும் பதிவாகும் பொதுப் பேரேட்டில்) கிடக்கும் வேறு 15 காசுகளையும் சேர்த்தே கையெழுத்துப் போடப்படுகிறது, எது நம்முடையது என்று வெளியே தெரியாது. பெறுபவருக்கு ஒவ்வொரு தடவையும் புது முகவரி தானாகவே உருவாகிறது. தொகையை மறைப்பது 2017-இல் வந்த ரிங்சிடி. அப்படி மறைத்தும், உள்ளே வந்ததும் வெளியே போனதும் சரியாக இருக்கிறதா என்று எந்த நோடும் (வலையமைப்பை ஓட்டும் கணினி) சோதிக்க முடிகிறது பாருங்கள், அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பிரமிப்புதான். 2018-இல் புல்லட்ப்ரூஃப்ஸ் என்ற சுருக்கமான சான்று முறை வந்ததும் பரிவர்த்தனையின் அளவு சுமார் 80% குறைந்தது, கட்டணமும் அதோடு விழுந்தது.

பார்க்க மட்டும் உதவும் சாவியான வியூ கீ இன்னொரு நல்ல விஷயம். ஆடிட்டரிடம் அதை மட்டும் கொடுத்தால் வந்த பணத்தைப் பார்ப்பார், தொட முடியாது.

சரி, குறைகள். வந்த காசை உடனே செலவழிக்க முடியாது, சங்கிலியில் 10 பிளாக் (பரிவர்த்தனைத் தொகுப்பு) சேர வேண்டும், அதாவது சுமார் 20 நிமிடம். வாலட்டைப் பல நாள் திறக்காமல் விட்டால் ஒத்திசைவுக்குக் காத்திருக்க வேண்டும். பெரிய எக்ஸ்சேஞ்சுகள் சில 2024-இல் இதைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டன, வாங்குவது விற்பது இரண்டும் சிரமம்.

அப்புறம், குறியாக்கம் சங்கிலிக்குள் நடப்பதை மட்டும்தான் காக்கும். அடையாள அட்டை கொடுத்து வாங்கினால் எவ்வளவு வாங்கினீர்கள் என்று விற்ற இடத்துக்குத் தெரியும், வேறொருவர் நோடை நம்பி இணைந்தால் உங்கள் ஐபி முகவரி அவருக்குத் தெரியும். சொந்த நோடு வைக்க வட்டில் நிறைய இடம் வேண்டும், பழைய தரவில் தேவையில்லாததை வெட்டி ப்ரூன் செய்தால் பாதிக்கும் குறைவாகவே போதும், நான் அப்படித்தான் ஓட்டுகிறேன். அதற்கு வழியில்லை என்றால் ஃபெதர் வாலட் எடுங்கள், ஐபி முகவரியை மறைக்கும் டார் அதிலேயே இருக்கிறது.