வேகன் ஆர், கிராண்ட் ஐ10, எட்டியோஸ்: நாலரை லட்சத்துக்குள் எது தினசரி வண்டி?

வீடு மேடவாக்கம், வேலை சிறுசேரி சிப்காட். போக 18 கிலோமீட்டர், வர 18. மெட்ரோ வேலை நடக்கும் ஓ.எம்.ஆரில் காலை ஒன்பது மணிக்கு இரண்டாவது கியரைத் தாண்டினாலே அன்றைக்கு நல்ல நாள். மாதம் ஒரு தடவை விழுப்புரம் போய் அப்பா அம்மாவை அழைத்து வர வேண்டும், இல்லையென்றால் கொண்டுபோய் விட வேண்டும். கடை கண்ணி எல்லாம் சேர்த்து மாதம் 1,200 கிலோமீட்டர் ஓடும். கையில் இருப்பது நாலரை லட்சம். அதற்குள் செகண்ட் ஹேண்டில் ஒரு கார் வாங்கி, நாலு வருடம் கையைக் கடிக்காமல் ஓட்ட வேண்டும்.

சனி ஞாயிறுகளில் அலைந்து அலைந்து பட்டியல் மூன்றில் வந்து நின்றது. 2019-இல் வந்த மூன்றாம் தலைமுறை மாருதி வேகன் ஆர், 2013-இல் வந்த ஹூண்டாய் கிராண்ட் ஐ10, அப்புறம் டொயோட்டா எட்டியோஸ் செடான். ஸ்விஃப்டை ஏன் விட்டாய் என்று எல்லோரும் கேட்டார்கள். அதற்கு இருக்கிற மவுசுக்கு, அதே பணத்தில் இரண்டு வருடம் இளமையான வேகன் ஆர் கிடைக்கிறது. ஹோண்டா சிட்டி மீது எனக்கு ஆசைதான். ஆனால் அதில் ஏறுவது என்றால் கீழே இறங்கி உட்காருவது. எழுபதைத் தாண்டிய முழங்கால் அதற்கு ஒத்துக்கொள்ளாது.

விற்பவர்கள் சொகுசு என்று சொல்வது டச் ஸ்கிரீனையும் அலாய் வீலையும். தினமும் இரண்டு மணி நேரம் ஓட்டுகிறவனுக்கு வேண்டியது வேறு. கிளட்ச் எவ்வளவு லேசு, மே மாத மதியத்தில் ஏசி எத்தனை நிமிடத்தில் குளிரும், இருக்கை உயரம் என்ன, குழியில் இறங்கினால் முதுகு என்ன சொல்கிறது. இந்த நாலுக்குத்தான் நான் மார்க் போட்டேன்.

இருக்கையில் வேகன் ஆருக்குப் போட்டியே இல்லை. வண்டியின் உயரம் 1,675 மில்லிமீட்டர். கிராண்ட் ஐ10, எட்டியோஸ் இரண்டும் 1,520-ஐ ஒட்டித்தான். இந்த ஆறு அங்குல வித்தியாசம் காகிதத்தில் ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். கதவைத் திறந்து உட்கார்ந்தால்தான் தெரியும்: நாற்காலியில் உட்காருவது மாதிரி அப்படியே பக்கவாட்டில் நகர்ந்து உட்காரலாம். அப்பா உட்கார்ந்து பார்த்தார், காலை நீட்டினார், பிறகு இறங்க மனமில்லாமல் உள்ளே இருந்தபடியே விலை கேட்க ஆரம்பித்தார். விற்பவர் முன்னால் ஆசையைக் காட்டாதீர்கள் என்று வழியெல்லாம் சொல்லித்தான் கூட்டிப் போயிருந்தேன். டிக்கியும் 341 லிட்டர், ஊரிலிருந்து அரிசி மூட்டை வரும் வீட்டுக்குப் போதும். சஸ்பென்ஷன் மட்டும் சுமார். பெரும்பாக்கம் பக்கம் உடைந்த சாலையில் தடதடவென்று சத்தம் உள்ளே வரும்.

ஓட்டுகிறவனுக்குப் பிடித்துப்போவது கிராண்ட் ஐ10. ஸ்டியரிங் ஒரு விரலில் திரும்புகிறது, கிளட்ச் வெண்ணெய். 1,197 சிசி எஞ்சினில் நாலு சிலிண்டர் என்பதால் சிக்னலில் நிற்கும்போது வண்டி ஓடுகிறதா அணைந்துவிட்டதா என்றே தெரியாது. வேகன் ஆரின் 1.0 எஞ்சின் மூன்று சிலிண்டர். நிற்கும்போது லேசான அதிர்வு பாதத்தில் வந்துகொண்டே இருக்கும். பின்சீட்டுக்கென்று தனி ஏசி துவாரம் இந்த மூன்றில் கிராண்ட் ஐ10-இல்தான் உண்டு. அம்மாவின் ஓட்டு அதற்கே விழுந்தது. குறை என்றால் டிக்கி: 256 லிட்டர்தான். இரண்டு சூட்கேஸ் வைத்தால் மூன்றாவது மடியில்.

எட்டியோஸைப் பார்த்த உடனே யாருக்கும் பிடிக்காது. 2010 டிசம்பரில் வந்த வண்டி, 2020-இல் நிறுத்திவிட்டார்கள். ஸ்பீடோமீட்டர் டேஷ்போர்டுக்கு நடுவில் இருக்கும், பிளாஸ்டிக் எல்லாம் அந்தக் காலத்துச் சோப்பு டப்பா. ஆனால் பின்சீட்டில் மூன்று பெரியவர்கள் உரசாமல் உட்காரலாம், தரை கிட்டத்தட்டச் சமம், டிக்கி ஏறக்குறைய 590 லிட்டர். ஜி.எஸ்.டி. சாலையில் நூறைத் தொட்டாலும் தரையைப் பிடித்துக்கொண்டு போகிறது. மேல்மருவத்தூர் தாண்டி ஒரு ஆம்னி பஸ் உரசிக்கொண்டு போனால் வேகன் ஆர் சற்று ஆடும், எட்டியோஸ் கண்டுகொள்ளாது. 4.2 மீட்டருக்கு மேல் நீளம் என்பதால், எங்கள் தெருவில் நிறுத்தத்தான் தினமும் சண்டை வரும்.

சரி, செலவுக்கு வருவோம். கம்பெனி சொல்லும் மைலேஜை மறந்துவிடுங்கள். 2019 வேகன் ஆர் 1.0-வுக்கு 22.5 என்று போட்டிருந்தார்கள். ஓ.எம்.ஆர். நெரிசலில் ஏசியோடு நான் பார்த்ததும், வைத்திருப்பவர்கள் ஒப்புக்கொண்டதும் இவை: வேகன் ஆர் லிட்டருக்கு 16 கிலோமீட்டர், கிராண்ட் ஐ10 பெட்ரோல் 13.5, எட்டியோஸ் பெட்ரோல் 12.5, எட்டியோஸ் டீசல் 16. இப்போது பங்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், இந்த மூன்றும் அதற்கு முந்தைய காலத்து வண்டிகள். ஆகவே இந்த எண்களிலிருந்தும் கொஞ்சம் கழித்துக்கொள்வதே நல்லது.

பெட்ரோல் 100 ரூபாய், டீசல் 92 என்று வைத்து மாதம் 1,200 கிலோமீட்டருக்குப் போட்டுப் பார்த்தேன். வேகன் ஆருக்கு 7,500 ரூபாய். கிராண்ட் ஐ10-க்கு 8,900. எட்டியோஸ் பெட்ரோலுக்கு 9,600. நாலு வருடத்தில் வேகன் ஆருக்கும் எட்டியோஸ் பெட்ரோலுக்கும் வித்தியாசம் ஒரு லட்சம். கிராண்ட் ஐ10-க்கு 67,000. ஆகவே வாங்கும்போது எட்டியோஸ் ஒரு லட்சம் மலிவாகக் கிடைத்தால் கணக்கு நேராகிவிடும். கிடைக்கவும் செய்கிறது: நான் பார்த்த 2015 பெட்ரோல் எட்டியோஸ் ஒன்றுக்கு மூன்று லட்சத்து இருபதாயிரம்தான் கேட்டார்கள்.

டீசல் எட்டியோஸ் 6,900. இந்த எண்தான் பலரை இழுக்கிறது. பெட்ரோல் எட்டியோஸோடு வைத்தால் மாதம் 2,700 மிச்சம், உண்மைதான். ஆனால் அதை நிறுத்த வேண்டியது வேகன் ஆர் பக்கத்தில். அப்போது மிச்சம் மாதம் 600, வருடத்துக்கு 7,200. பத்து வருடம் ஓடிய டீசலில் ஒரு இன்ஜெக்டர் போனால் அந்த வருடத்து மிச்சம் அதிலேயே கரைந்துவிடும். போதாததற்குக் கிளட்ச் கனம். துரைப்பாக்கத்திலிருந்து சோழிங்கநல்லூர் வருவதற்குள் இடது கெண்டைக்கால் கெஞ்சும். மாதம் 2,500 கிலோமீட்டருக்கு மேல் நெடுஞ்சாலையில் ஓடுகிறவர் வேண்டுமானால் டீசலை யோசிக்கலாம். அலுவலகத்துக்குப் போய்வருகிறவருக்கு வேண்டாம்.

இன்சூரன்ஸில் ஒரு சின்ன விஷயம். மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணம் எஞ்சின் அளவை வைத்து. 1,000 சிசிக்குள் வருடம் 2,094 ரூபாய். 1,000 முதல் 1,500 வரை 3,416. வேகன் ஆர் 1.0 998 சிசி, எட்டியோஸ் பெட்ரோல் 1,496 சிசி. இரண்டுமே கோட்டுக்குச் சற்று உள்ளே நின்றுகொள்கின்றன. சர்வீஸ் செலவில் மூன்றும் பெரிதாக அடிக்காது. மாருதி பாகம் எந்த ஊரிலும் கிடைக்கும், விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்கூட மெக்கானிக் இருக்கிறார். எட்டியோஸுக்கு அத்தனை எளிதில் பழுது வராது. கிராண்ட் ஐ10 நடுவில்.

பாதுகாப்பில்தான் நான் தேர்ந்தெடுத்த வேகன் ஆர் தோற்கிறது, மறைக்க விரும்பவில்லை. குளோபல் என்கேப் மோதல் சோதனையில் எட்டியோஸுக்கு 4 நட்சத்திரம். வேகன் ஆருக்கு 2019-இல் 2, விதிகள் கடுமையான பிறகு 2023-இல் 1. கிராண்ட் ஐ10-இல் ஆரம்ப வருடங்களில் டாப் மாடலில்தான் ஏர்பேக், விலை குறைந்ததில் கிடையாது. வாங்கும்போது மாடல் பெயரைப் பார்த்து வாங்க வேண்டும். வாரம் ஒரு தடவை நெடுஞ்சாலை ஏறுகிறவர் என்றால் 2016-க்குப் பிந்தைய பிளாட்டினம் எட்டியோஸ் பெட்ரோலைத்தான் சொல்வேன். அதில் எல்லா மாடலிலும் இரண்டு ஏர்பேக், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ் பிரேக் உண்டு. என் சகலைக்கு வாரா வாரம் திருச்சி. அவரை அதில்தான் ஏற்றிவிட்டேன்.

கியர் மாற்றவே அலுப்பு என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வேகன் ஆரில் கிளட்ச் மிதிக்காமல் கியர் தானே மாறும் ஏ.எம்.டி. உண்டு, கியர் மாறும்போது தலை லேசாக முன்னால் போய் வரும், மைலேஜ் குறையாது. கிராண்ட் ஐ10-இன் நாலு கியர் ஆட்டோமேட்டிக் வழவழவென்று போகும், பெட்ரோலைக் குடிக்கும். எட்டியோஸில் இந்தியாவில் ஆட்டோமேட்டிக்கே வரவில்லை.

இனி வண்டி பார்க்கப் போன கதை. எட்டியோஸ் தேடினால் பத்தில் பாதிக்கு மேல் டாக்ஸியாக ஓடியவை. டி போர்டை ஓன் போர்டாக மாற்றி, புது சீட் கவர் போட்டு நிற்கும். ஒரு கடையில் 62,000 கிலோமீட்டர் என்று மீட்டர் காட்டியது. பிரேக் பெடல் ரப்பர் மொழுமொழுவென்று தேய்ந்திருந்தது, கூரை ஓரத்தில் கேரியர் மாட்டிய தழும்பு. சர்வீஸ் சென்டரில் வண்டி எண்ணைக் கொடுத்துப் பழைய சர்வீஸ் விவரம் கேட்டோம்: இரண்டு வருடம் முன்பே 1,40,000 தாண்டியாகிவிட்டது. கடைக்காரரிடம் சொன்னதற்கு, "அப்படியா சார், எங்களுக்கே தெரியாதே" என்றார். பெட்ரோல் எட்டியோஸ் பக்கம் போகச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். டாக்ஸிக்காரர்கள் வாங்கியது பெரும்பாலும் டீசல்தான்.

கிராண்ட் ஐ10 ஒன்று சந்தேகப்படும்படி மலிவாக வந்தது. சென்னையில் வாங்குகிறவர்கள் 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் மறக்கக் கூடாது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தேன். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் ஒரு சாண் நீளத்துக்குக் காவி நிறக் கறை. சீட்டுக்குக் கீழே தண்டவாளம் மாதிரி இருக்கும் இரும்பில் துரு. வாசனைக்கு ரோஜா ஸ்ப்ரே அடித்து வைத்திருந்தார்கள். கார்பெட்டையும் சீட்டையும் மாற்றலாம், பெல்ட்டை மாற்ற யாருக்கும் தோன்றுவதில்லை. டெல்லி வண்டியும் இப்படித்தான் மலிவாக வரும். அங்கே பத்து வருட டீசலுக்குக் கெடுபிடி என்பதால் தெற்கே தள்ளிவிடுகிறார்கள். அங்கே வாங்க வேண்டிய தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.), இங்கே திரும்ப ரிஜிஸ்டர் செய்வது, தமிழ்நாட்டு வரி எல்லாம் கூட்டினால் மலிவு போன இடம் தெரியாது.

பேரம் பேசுகிறவர்கள் கையில் இப்போது ஒரு நல்ல துருப்புச்சீட்டு இருக்கிறது. 2025 செப்டம்பர் 22-இலிருந்து சின்ன கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியது. புது வேகன் ஆரின் அடிப்படை மாடலே எக்ஸ் ஷோரூம் 5 லட்சத்தை ஒட்டி வந்துவிட்டது. ஆறு வருடப் பழைய வண்டிக்கு நாலே கால் கேட்டவரிடம் இதைத்தான் சொன்னேன். வேறு வாதம் எதுவும் தேவைப்படவில்லை. மூன்று லட்சத்து எண்பத்தைந்தாயிரத்துக்கு முடிந்தது: 2019 வேகன் ஆர் 1.0, ஒரே ஓனர், 46,000 கிலோமீட்டர். நாலு டயரும் பேட்டரியும் மாற்ற இருபத்தைந்தாயிரம் ஒதுக்கி வைத்தேன்.

ஓட்ட எனக்குப் பிடித்தது கிராண்ட் ஐ10 என்பதில் இன்றைக்கும் மாற்றமில்லை. பக்கத்து சிக்னலில் ஒன்று வந்து நின்றால் ஒரு பார்வை போகத்தான் செய்கிறது. ஆனால் அதில் நான் ஒருவன்தான் சுகமாக இருந்திருப்பேன். வேகன் ஆரில் அப்பா யார் கையையும் பிடிக்காமல் இறங்குகிறார். அம்மாவுக்குப் பின்சீட்டில் ஏசி போதவில்லை என்ற குறை உண்டு. அதற்கு முன் துவாரங்களை மேல்நோக்கித் திருப்பி வைத்து ஓரளவு சமாளிக்கிறோம்.

படிவம் 29, 30-இல் கையெழுத்து வாங்கி ஆர்.சி.யை என் பெயருக்கு மாற்றிவிட்டேன். இன்சூரன்ஸையும் பதினாலு நாளுக்குள் மாற்றியாகிவிட்டது. கிளெய்ம் கேட்காமல் ஓட்டியதற்குப் பழைய ஓனருக்குக் கிடைத்த தள்ளுபடி (நோ கிளெய்ம் போனஸ்) அவரோடு போய்விடும், நமக்கு வராது. எல்லாம் முடிந்தது என்று நினைத்து முதல் தடவையாக விழுப்புரம் கிளம்பினோம். பரனூர் டோல் தாண்டியதும் போன் அடித்தது. பழைய ஓனர். "சார், பாஸ்டேக்ல என் காசு போகுது. இன்னும் ஆத்தூர் டோல் வேற இருக்கு, கொஞ்சம் ஓரமா நிறுத்தி ஸ்டிக்கரைக் கிழிச்சிடுங்க."