ஹைக்கூவா, செரினிட்டியா: அமைவுகள், அனுமதிகள், பராமரிப்பு

பழைய மடிக்கணினி ஒன்றில் பொழுதுபோக்காக ஓர் இயங்குதளத்தை நிறுவ எண்ணியபோது என் முன் இருந்தவை இரண்டு: பீஓஎஸ் என்னும் பழைய இயங்குதளத்தின் வழித்தோன்றலாக 2001-இல் தொடங்கிய ஹைக்கூ, ஆண்ட்ரியாஸ் கிளிங் 2018-இல் தொடங்கிய செரினிட்டிஓஎஸ். இரண்டும் ஆர்வலர்களின் உழைப்பில் வளர்பவை, இரண்டும் திறமூலம். அதை விரித்துரைக்க வேண்டியதில்லை. நான் ஹைக்கூவைத் தேர்ந்தேன். அனுமதிகளை மட்டும் அளவுகோலாகக் கொண்டிருந்தால் செரினிட்டியைத்தான் தேர்ந்திருப்பேன் என்பதையும் முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

செரினிட்டியில் அமைவுகள் (செட்டிங்ஸ்), எவரும் திறந்து படிக்கத்தக்க ஐஎன்ஐ வடிவ உரைக்கோப்புகளாக இருக்கின்றன. செயலிகள் அவற்றைக் கான்ஃபிக்சர்வர் என்னும் சேவையிடம் கேட்டுப் பெறுகின்றன. எந்தப் பிரிவின் அமைவுகள் தனக்கு வேண்டும் என்று தொடக்கத்திலேயே அறிவித்துவிட்ட செயலி, பிறகு வேறு பிரிவைக் கேட்க இயலாது. ஓபன்பிஎஸ்டி என்னும் இயங்குதளத்திலிருந்து எடுத்துக்கொண்ட பிளெட்ஜ், அன்வெயில் என்னும் கர்னல் (இயங்குதளத்தின் மையக்கரு) அழைப்புகளும் இதே போக்கில் அமைந்தவைதாம்: தான் அறிவிக்காத செயலில் இறங்கும் நிரலைக் கர்னல் அங்கேயே வீழ்த்திவிடும்; அனுமதிக்கப்படாத கோப்புகளோ அந்த நிரலைப் பொறுத்தவரை இல்லாதவையே.

ஹைக்கூவிடம் இதற்கு ஈடாக எதுவும் இல்லை. மேசைத்தளத்தில் (டெஸ்க்டாப்) நாம் இயங்கும் கணக்கின் பயனர் எண்ணே 0, அதாவது எல்லா அதிகாரமும் கொண்ட நிர்வாகியின் எண். கோப்புகளுக்கு யூனிக்ஸ் பாணி அனுமதிக் குறிகள் உண்டு; ஆனால் அந்த 0-க்கு முன் அவை வெறும் அலங்காரம்.

இவ்வளவுக்குப் பிறகும் என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. ஹைக்கூவில் மென்பொருள்கள் எச்பிகேஜி என்னும் பொதிக்கோப்புகளாக வருகின்றன. அவற்றை வட்டில் பிரித்துப் பரப்புவதில்லை. பேக்கேஜ்எஃப்எஸ் என்னும் கோப்பு முறைமை, பொதிக்குள் இருப்பவற்றை உரிய கோப்புறைகளில் இருப்பனவாகக் காட்டுகிறது. ஆகவே சிஸ்டம் கோப்புறையின் பெரும்பகுதி படிப்பதற்கு மட்டுமே; பயனர் எண் 0 ஆக இருந்தும் அங்குள்ள நிரலை என்னால் தவறிக்கூட மாற்றி எழுத முடியாது. (பொதியையே அகற்றிவிடலாம் என்பதால் இது பாதுகாப்பு அரண் அன்று, கைத்தவறுக்கான தடுப்பு, அவ்வளவே.) நான் மாற்றிய அமைவுகளோ ஹோம் கோப்புறையில் கான்ஃபிக்குக்குள் செட்டிங்ஸ் என்னும் ஒரே கோப்புறையில் திரண்டிருக்கின்றன. அதை ஒரு யுஎஸ்பியில் நகலெடுத்துக்கொண்டால் என் மேசைத்தளம் கையோடு வந்துவிடுகிறது.

இன்னும் முக்கியமானது, பொதிகளில் மாற்றம் நேரும்போது முந்தைய நிலை நாளிட்டுச் சேமிக்கப்படுவது. ஒருமுறை பொருந்தாத பொதி ஒன்றை நானே நிறுவி, மேசைத்தளம் எழாமல் விழித்தபோது, ஷிஃப்ட் விசையை அழுத்திப் பூட் பட்டியலைத் திறந்து, முந்தைய நாளின் நிலையைத் தேர்ந்தெடுத்தேன், கணினி எழுந்தது. இவ்வாறு பின்செல்பவை பொதிகள் மட்டுமே, பயனரின் அமைவுகள் அப்படியே நிற்கும் என்பதால் என் விசைப்பலகை அமைப்புக்கூடக் கலையவில்லை. குறை ஒன்றுண்டு: பல அமைவுக் கோப்புகள் உரையாக இல்லாமல் இரும வடிவில் இருப்பதால், ஒன்று பழுதானால் உரைத்திருத்தியில் சரிசெய்ய வழியில்லை, அதை நீக்கிவிட்டு இயல்பு நிலையிலிருந்து தொடங்குவதே நான் கண்ட எளிய வழி.

செரினிட்டியை மூலநிரலிலிருந்து நாமே தொகுத்து வட்டுப் படிமமாக்க (முழு வட்டின் உள்ளடக்கமும் அடங்கிய ஒரே கோப்பாக்க) வேண்டும். படிமத்தைப் புதிதாக உருவாக்கினால் உள்ளே செய்த மாற்றங்கள் போய்விடும். அவை நிலைக்க வேண்டுமானால் மூலநிரல் மரத்தில் உள்ள பேஸ் கோப்புறையைத் திருத்த வேண்டும், அல்லது நம் கோப்புகளைப் படிமத்தில் சேர்க்கும் ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதி வைக்க வேண்டும். நிரலாளருக்கு இது இயல்பான வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மடிக்கணினியைத் திறக்கும் எனக்குச் சுமை. ஆனால் செரினிட்டியைக் கியூஎமு என்னும் மெய்நிகர்க் கணினியில் மட்டுமே, அதுவும் சில வாரங்களே ஓட்டியிருக்கிறேன்; மெய்யான வன்பொருளில் அதை நாள்தோறும் பயன்படுத்துபவர் வேறுவிதமாகச் சொல்லலாம்.

இயங்குதளங்களின் உட்புறத்தைக் கற்க விரும்பும் நண்பர் கேட்டால் செரினிட்டியையே காட்டுவேன், அதிலும் பிளெட்ஜ் எழுதப்பட்ட விதத்தை. என் மடிக்கணினியில் ஹைக்கூ தொடர்கிறது. வங்கிக் கணக்கை மட்டும் அதில் திறப்பதில்லை.