ஆடும் டைனிங் சேருக்கு 8 மி.மீ டவல் பின்: வாங்கலாமா?

ரப்பர் வுட் டைனிங் சேர் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், சில வருஷத்தில் பின்கால் ஆட ஆரம்பிக்கும், ஆளைக் கூப்பிட்டால் நாலு ஆணி அடித்துவிட்டுப் போவார், கொஞ்ச நாளில் மரம் விரிசல் விட்டு மறுபடி ஆடும். மூட்டுக்குள்ளே பழுதாகிப் போயிருப்பது பெரும்பாலும் டவல் பின்தான் (dowel pin), அதாவது இரண்டு மரத் துண்டின் துளைகளிலும் பாதி பாதி இறங்கி அவற்றை இணைக்கும் சின்ன உருளை மரக்குச்சி. அதற்காக ஆன்லைனில் இந்த பேக்கை வாங்கினேன். பீச் மரம், 8 மி.மீ கனம், 40 மி.மீ நீளம், கூடவே ஒரு டிரில் பிட்.

பின் உறுதியாகத்தான் இருக்கிறது. நீளவாக்கில் வரிவரியாகக் காடி (மெல்லிய பள்ளம்) ஓடுகிறது, முனைகளை லேசாகச் சீவியிருக்கிறார்கள். வழவழப்பான குச்சியைப் பசையோடு அடித்தால் உள்ளே மாட்டிய காற்றும் பசையும் வெளியேற வழியில்லாமல் சில சமயம் மரத்தையே பிளந்துவிடும், காடி இருப்பதால் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் கனம்தான் ஒரே மாதிரி இல்லை: சிலது 8 மி.மீ துளையில் விரலாலேயே இறங்கியது, சிலது சுத்தியல் கேட்டது. மழைக்கால ஈரம் என்று மொட்டைமாடி வெயிலில் காயவைத்தேன், இறுகலாக இருந்ததில் பாதி சரியாயிற்று. தொளதொளவென்று இறங்குவதைத் தூக்கிப் போடுங்கள். ஃபெவிகால் எஸ்எச் மாதிரி வெள்ளைப் பசை, மரமும் மரமும் நெருங்கி உட்கார்ந்தால்தான் பிடிக்கும், இடைவெளியை அடைக்க அதை நம்பக்கூடாது.

காய்ந்த பழைய பசை மேல் புதுப் பசை ஒட்டாது, அதனால் துளைக்குள் மர நிறம் தெரியும்வரை சுரண்டிவிடுங்கள். அப்புறம் பசையைத் துளையின் சுவரிலும் குச்சியால் தடவ வேண்டும், பின்னில் மட்டும் தடவினால் இறங்கும்போது பசை வழிக்கப்பட்டுத் துளையின் வாயிலேயே நின்றுவிடும். கிளாம்ப் இல்லையா, காலைச் சுற்றிக் கயிறு கட்டி நடுவில் ஒரு கட்டையை விட்டு முறுக்கி ஒரு நாள் அப்படியே விட்டால் சரி. வழிந்ததை உடனே ஈரத்துணியால் துடையுங்கள், காய்ந்துவிட்டால் அந்த இடத்தில் பாலிஷ் ஏறாது. மழைச் சாரல் படும் பால்கனி சேர் என்றால் ஃபெவிகால் மரைன்.

கூட வந்த டிரில் பிட் சுத்த வேஸ்ட், முனை சீக்கிரமே மழுங்கி மரம் கருகிப் புகைய ஆரம்பித்தது. நடுவில் கூர்முனை உள்ள மர பிட்டை ஹார்டுவேர் கடையில் தனியாக வாங்கி, 22 மி.மீ ஆழத்துக்கு இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். 40 மி.மீ பின்னில் பாதி, அதாவது 20 மி.மீ உள்ளே போக, மீதி 2 மி.மீ பசைக்கு.