எம்பிபிஎஸ் சீட்டா, எஃப்டி ரசீதா?

போன மாதம் அண்ணன் முறை உறவினர் ஒருவர் காலண்டர் தாளைக் கிழித்துக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். மகளுக்கு நீட்டில் அரசுக் கல்லூரிக்கு எட்டாத மார்க். தாளின் பின்பக்கம் "ஃபீஸ் 13.5" என்று எழுதி, அதற்குக் கீழே "ரோட்டோர நிலம்" என்று எழுதிக் கோடு போட்டிருந்தார். "டாக்டராயிட்டா ரெண்டு மூணு வருஷத்துல எடுத்துடலாம்ல தம்பி?" நாலைந்து டாக்டர்களுக்கு வருமான வரிக் கணக்கு பார்ப்பவன் என்பதால் என்னிடம் இந்தக் கேள்வி.

டாக்டர் படிப்பு லாபமா என்று மொத்தமாகக் கேட்டால் பதில் சொல்ல முடியாது. எந்த சீட் என்று சொன்னால் சொல்லலாம்.

அரசுக் கல்லூரி சீட் என்றால் கணக்கே போட வேண்டாம். வருடக் கட்டணம் 20 ஆயிரத்துக்குள். கடைசியில் ஹவுஸ் சர்ஜனாக, அதாவது பயிற்சி டாக்டராக, இருக்கும் ஒரு வருடமும் உதவித்தொகை உண்டு. அரசுப் பள்ளியில் படித்து 7.5% ஒதுக்கீட்டில் வந்த பிள்ளைக்கு அந்தக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. அந்த சீட் கைக்கு வந்தவர்கள் இந்தக் கட்டுரையை இத்தோடு மூடிவிட்டுப் பெட்டி கட்டப் போகலாம்.

சிக்கல் அண்ணன் கேட்டு வந்த தனியார் கல்லூரி சீட்டில்தான். தமிழ்நாட்டில் தனியார் கல்லூரி நிர்வாக ஒதுக்கீட்டுக்கு அண்மை ஆண்டுகளில் நிர்ணயித்த கட்டணம் வருடத்துக்கு சுமார் 13.5 லட்சம். நாலரை வருடத்துக்கு 60 லட்சத்து 75 ஆயிரம். ஹாஸ்டல், மெஸ், புத்தகம் சேர்த்து 70 லட்சம் என்று வையுங்கள். நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்றால் இன்னும் மேலே.

அதே 70 லட்சத்தை 7% வட்டிக்கு வங்கியில் எஃப்டியாக, அதாவது நிரந்தர வைப்பாக, போட்டால் மாதம் 40 ஆயிரம் சொச்சம் வரும். எங்கள் பக்கத்துத் தனியார் மருத்துவமனைகளில் எம்பிபிஎஸ் மட்டும் முடித்த ட்யூட்டி டாக்டருக்கு, நைட் ட்யூட்டி உட்பட, 40 முதல் 60 ஆயிரம்தான் தருகிறார்கள். ஹவுஸ் சர்ஜன் வருடத்தோடு ஐந்தரை வருடம் படித்து ராத்திரி கண் விழித்து வாங்குவதும், எஃப்டி ரசீது பீரோவில் தூங்கிக்கொண்டே கொடுப்பதும் ஏறக்குறைய ஒன்று. இதைச் சொன்னதும் அண்ணன் தாளைத் திருப்பி அன்றைய ராசிபலனைப் பார்த்தார்!

நிலத்தை விற்காமல் கடன் வாங்கலாமே என்றார். 50 லட்சம், 10% வட்டி, 15 வருடம் என்றால் தவணை மாதம் 53 ஆயிரத்து 700. படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி தனி.

அரசு வேலை கிடைத்தால் கதை கொஞ்சம் மாறும். உதவி மருத்துவரின் அடிப்படைச் சம்பளம் 56,100-இல் தொடங்குகிறது; படிகளோடு 80 ஆயிரத்தைத் தாண்டும். மேற்படிப்பில் அரசு டாக்டர்களுக்கென்று சர்வீஸ் கோட்டாவும் உண்டு. ஆனால் அந்த வேலைக்கு எம்ஆர்பி (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) நடத்தும் தேர்வில் ஜெயிக்க வேண்டும். அங்கே அரசுக் கல்லூரிப் பிள்ளைகளும் அதே வரிசையில்தான் நிற்கிறார்கள்.

பெரிய பணம் எம்டி, எம்எஸ் முடித்த பிறகுதான். அதற்கு மறுபடி நீட், மூன்று வருடம். சூப்பர் ஸ்பெஷாலிட்டி என்றால் இன்னொரு மூன்று. தடங்கலே இல்லாமல் போனாலும் முப்பதை நெருங்கும். நான் கணக்கு பார்க்கும் டாக்டர்களில் பாதிப் பேர் மாதாமாதம் வாங்குவது சம்பளமே இல்லை, தொழிற்கட்டணம். 10% வரி பிடித்துக்கொண்டு தருவார்கள். பிஎஃப் கிடையாது, லீவு போட்டால் காசு கிடையாது.

எதிர்ப்பக்கம் இன்ஜினியரிங். கவுன்சிலிங்கில் சேர்ந்தால் மொத்தப் படிப்பும் இரண்டு மூன்று லட்சத்தில் முடியும். 22 வயதில் வேலை. ஆனால் பெரிய ஐடி கம்பெனிகளில் புதிதாகச் சேர்பவருக்குப் பத்து வருடத்துக்கு மேலாக அதே மூன்றரை லட்சத்தைச் சுற்றித்தான் வருடச் சம்பளம். நாற்பத்தைந்தில் "உங்களுக்கு இப்போ புராஜெக்ட் இல்லை" என்ற பயம் வேறு. அந்த வயதில்தான் டாக்டருக்குக் கைராசி என்று பேர் கிளம்பி, வாசலில் செருப்பு சேரும். இந்த ஒரு இடத்தில் இன்ஜினியரால் டாக்டரை நெருங்கவே முடியாது என்பது என் எண்ணம். அதுவரை தாக்குப்பிடிக்கக் கடன் இல்லாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கடைசியாக அண்ணன் தாளில் எழுதியே வராத ஒரு வழி: மறுபடி நீட் எழுதுவது. இத்தனை தடவைதான் என்ற வரம்பு அதில் இல்லை. அடுத்த வருடம் அரசுக் கல்லூரி கிடைக்காவிட்டாலும், தனியார் கல்லூரியின் அரசு ஒதுக்கீட்டு சீட்டுக்குள் வந்தால் கட்டணம் வருடத்துக்கு சுமார் 4.5 லட்சம், நாலரை வருடத்துக்கு 20 லட்சத்து 25 ஆயிரம். மிச்சம் 40 லட்சத்து 50 ஆயிரம். வீட்டில் உட்கார்ந்து படிக்கும் ஒரு வருடத்துக்கு அந்தப் பெண் சம்பாதிப்பது அது. நான் கணக்கு பார்க்கும் எந்த டாக்டரும் தொழிலுக்கு வந்த முதல் வருடத்தில் அதில் பாதியைக்கூடப் பார்த்ததில்லை.

அண்ணன் பேனாவை வாங்கி "நிலம்" என்பதை அடித்தார். "கோச்சிங்குக்கு எவ்வளவு ஆகும்?" என்றார்.