நின்றுபோன கப்பலில் வேலை என்று 1,85,000 ரூபாயைப் பறித்தார்கள்: கிருஷ்ணகிரி மாவட்டத்தாருக்கு எச்சரிக்கை

சொகுசுக் கப்பலில் சமையல் உதவியாளர் வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி, கிருஷ்ணகிரியில் உள்ள ஒரு வெளிநாட்டு வேலைவாய்ப்பு அலுவலகம் எங்களிடம் 1,85,000 ரூபாயை வாங்கிக்கொண்டு இப்போது கையை விரித்துவிட்டது.

கேட்டரிங் படித்து ஓசூரில் ஓர் ஓட்டலில் வேலை பார்த்த என் தம்பி, 2020 மார்ச் கொரோனா ஊரடங்கில் வேலையிழந்து வீட்டுக்கு வந்திருந்தான். உலகம் முழுவதும் கப்பல்கள் நின்றுகிடக்கும்போது ஆள் எடுப்பது எப்படி என்று ஜூலையில் அந்த ஏஜென்டிடம் நேராகவே கேட்டேன். "அதுலதாங்கண்ணா சான்ஸே இருக்குது. பழைய ஆளுங்க பயந்துபோய் ஊருக்குத் திரும்பறாங்க, கப்பல் கிளம்பறப்போ புது ஆள் வேணுமில்ல?" என்றார். ஜப்பானின் யோகோஹாமாவில் நிறுத்திவைக்கப்பட்ட டயமண்ட் பிரின்சஸ் சொகுசுக் கப்பலில் 3,711 பேர் இருந்ததையும், அவர்களில் 700 பேருக்கு மேல் தொற்று ஏற்பட்டதையும் அவரே எடுத்துச் சொன்னபோது, விவரம் தெரிந்தவர் என்ற நம்பிக்கை எங்களுக்கு வந்துவிட்டது. கப்பல் படமும் நீல முத்திரையும் போட்ட பணி ஆணையைத் தம்பியின் கையில் கொடுத்து, வெள்ளைச் சீருடை அணிந்த ஒருவருடன் வாட்ஸ்அப் வீடியோவில் பேசவும் வைத்தார். மாந்தோப்புக் குத்தகைப் பணத்தோடு என் மனைவியின் நகையை அடகு வைத்த பணத்தையும் சேர்த்து 1,85,000 ரூபாயை எண்ணிக் கொடுத்தோம். ரசீதில் "ஆலோசனைக் கட்டணம்" என்று மட்டுமே எழுதினார்கள்.

ஆகஸ்டில் கேட்டதற்கு, சொகுசுக் கப்பல்களுக்கு அமெரிக்கா விதித்த பயணத் தடை செப்டம்பர் வரை இருக்கிறது என்றார். அது முடியும்போது, அக்டோபர் வரை நீட்டித்துவிட்டார்கள் என்றார். இரண்டும் உண்மைச் செய்திகள்தாம் என்பதுதான் வயிற்றெரிச்சல். அக்டோபர் 30 அன்று தடைக்குப் பதிலாக நிபந்தனை ஆணை வந்ததும், "ரூட் கிளியர்" என்று சொல்லி மருத்துவப் பரிசோதனைக்கு இன்னும் 20,000 ரூபாய் கேட்டார். கட்டணப் பயணிகள் இல்லாமல் முதலில் சோதனை ஓட்டம் நடத்த வேண்டும் என்கிற ஆணை அது. அதில் புதிய சமையல்காரருக்கு என்ன அவசரம்?

கப்பலில் பரிமாறும் வேலை செய்து திரும்பிய ஊத்தங்கரை உறவினர் ஒருவர் சொன்ன பிறகே முழு விவரமும் விளங்கியது. நங்கூரமிட்டு நிற்கும் கப்பலுக்கு இயந்திரம், மின்சாரம், பாதுகாப்பு ஆகியவற்றைப் பார்க்கும் சிலர் போதுமாம். சமையல், பரிமாறுதல், அறைப் பராமரிப்பு ஆட்களைத்தான் முதலில் ஊருக்கு அனுப்புவார்களாம். அதற்கும் விமானமோ துறைமுக அனுமதியோ கிடைக்காமல், ஒப்பந்தம் முடிந்து சம்பளமும் நின்ற நிலையில், பயணிகள் அறையில் தனியாக அடைந்து கிடந்திருக்கிறார். சாப்பாட்டுத் தட்டை வாசலில் வைத்துக் கதவைத் தட்டிவிட்டுப் போவார்களாம்.

இப்போது அலுவலகத்தில் இருக்கும் பெண், "சார் சென்னை போயிருக்காரு" என்பதைத் தவிர வேறெதுவும் சொல்வதில்லை. மாவட்டக் குற்றப் பிரிவில் புகார் கொடுத்திருக்கிறோம்.

கப்பல் வேலைக்கு ஆள் எடுப்பவரிடம் ஆர்.பி.எஸ்.எல். உரிமம் (மாலுமிகளை வேலைக்கு எடுத்துக் கொடுப்பதற்கான அரசு உரிமம்) இருக்கிறதா என்று கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்ககத்தின் இணையதளத்தில் பாருங்கள். பாஸ்போர்ட், மாலுமிப் புத்தகம், மருத்துவச் சான்று ஆகியவற்றின் செலவு தவிர, வேலைக்கென்று மாலுமியிடம் பணம் வாங்கக் கூடாது என்பது சர்வதேச விதி. ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். பர்கூர்ப் பக்கத்துப் பையன் ஒருவனிடம் இதே அலுவலகம் நேற்று முன்பணம் கேட்டிருக்கிறது.